நம்ம வீட்டுத் தோல்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா குடித்துச் சாகவில்லை. ஊர் சொன்ன பொய்க்கு நம் வீடு தலையாட்டியது, அவ்வளவுதான்.

முதல் வரியிலேயே இப்படி ஆரம்பித்ததற்குத் திட்டாதே. இனி முறைப்படி விசாரிக்கிறேன். நீ, பாப்பா, அம்மா, உன் வீட்டுக்காரர் எல்லோரும் நலமா? உன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மெஷின் சரியாகிவிட்டதா? இந்தக் கடிதத்தையும் கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். போனில் பேசினால் நீ "ம்", "சரி", "அப்புறம்" என்ற மூன்று சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. பின்னால் டிவி சத்தமும் மாமாவின் இருமலும்தான் எனக்குக் கேட்கின்றன.

எனக்கு உடம்பு சரியில்லை, அக்கா. நம் வீட்டில் யாருக்கும் முழுதாகச் சொல்லாத செய்தி இது, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். கொஞ்ச காலமாகப் பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. ஆய்வகத்து எலிக்கூண்டு முழங்காலில் இடித்து, அந்த இடம் ஒரு மாதம் கத்தரிப்பூ நிறத்தில் கிடந்தது. எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தப் புற்றுநோய்க்கு முந்தின படியில் நிற்கிறேன். அடுத்த படியில் கால் வைக்க நாளாகாது என்கிறார் டாக்டர்.

வேடிக்கை என்னவென்றால் எதைப் படிக்க இவ்வளவு தூரம் வந்தேனோ, அதிலேயே எனக்குக் கோளாறு. ரன்க்ஸ்-ஒன் என்று ஒரு ஜீன். ஒரு எழுத்து மாறிக் கிடக்கிறது. எனக்குப் புதிதாக வந்தது இல்லை, பிறக்கும்போதே வாங்கி வந்தது. அம்மா பக்கத்தில் யாருக்கும் இந்த அடையாளம் இல்லை. அப்பாவுக்கு இருந்தது. மூக்கில் ரத்தம், காலெல்லாம் நீலத் திட்டு. கிடங்கில் மூட்டை இறக்கியவருக்கு நீலம் இருந்தால் என்ன அர்த்தம்? குடித்துவிட்டு எங்கோ விழுந்தான் என்று அர்த்தம். சூப்பர்வைசர் அப்படித்தான் எழுதி வேலையை விட்டு அனுப்பினான். மாடிப்படியில் விழுந்து தலைக்குள் ரத்தம் கசிந்து செத்தபோதும் ஊர் அதையேதான் சொன்னது. ஒரு ரத்தப் பரிசோதனை, அக்கா. ஒரே ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் போதும். கூலிக்காரன் ரத்தத்தை எதற்குப் பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு வேறொருவருடைய ஸ்டெம் செல் வேண்டும். கூடப் பிறந்தவளுடையது பொருந்தினால் அதைவிட நல்லது இல்லை. இத்துடன் ஒரு சிறு பெட்டி வருகிறது. உள்ளே பஞ்சுக் குச்சி இருக்கிறது. கன்னத்தின் உள்பக்கம் தேய்த்துத் திருப்பி அனுப்பு. வலிக்காது.

அன்புத் தம்பி,
எலி


ஜனவரி 27

அன்புள்ள எலிக்கு,

உன் கடிதத்தை லென்ஸ் தேய்க்கிற அறையில் நின்றுகொண்டே படித்தேன். மெஷின் தண்ணீர் கையில் வழிந்து கடைசிப் பக்கம் நனைந்துவிட்டது. முதலாளியம்மா உள்ளே வந்து, "என்னம்மா, கண்ணுல தூள் விழுந்துடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஏன்டா, இதைத் தனியாகவா வைத்துக்கொண்டிருந்தாய்? சமைக்க ஆள் இருக்கிறதா? துணி யார் துவைக்கிறார்கள்? பட்டப்பேருக்கு ஏற்ற மாதிரி எலிக்கு எலி வேலை கிடைத்தது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். இப்போது எதைச் சொல்லிச் சிரிப்பது?

அப்பாவைப் பற்றி நீ எழுதியதை அம்மாவிடம் சொன்னேன். காய் நறுக்குவதை நிறுத்தாமல், "குடிக்கலைன்னு எனக்குத் தெரியாதா? சொன்னா யாரு நம்பப்போறா?" என்றாள். அப்புறம் பாப்பாவைக் கூப்பிட்டுத் தலை வாரிவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெட்டி வந்தது. ஆனால் எதற்கு வீண் செலவு? எனக்கும் அந்தக் கோளாறு இருக்கிறது. குச்சியால் தேய்த்துத்தான் தெரிய வேண்டுமா? என் கையைப் பார்த்தாலே தெரியுமே. சின்ன வயதில் இருந்தே நான் அப்பா தோல் என்று பேர் வாங்கியவள்தானே. கல்யாணமான பிறகு இன்னும் அதிகம். கதவு இடித்தால் நீலம், கட்டில் இடித்தால் நீலம். அம்மா பார்க்கிறவர்களிடம் எல்லாம், "அது நம்ம வீட்டுத் தோலு, தொட்டாலே கன்னிடும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பாப்பாவுக்கும் அதே தோல் வந்திருக்கிறது. ஆகவே என் ரத்தம் உனக்கு ஆகாது. வேறு ஆளைத் தேடு. சீக்கிரம் தேடு.

உடம்பைப் பார்த்துக்கொள். வெந்நீரில் குளி.

உன் அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

கையைப் பார்த்துச் சொல்வதற்கு நீ என்ன ஜோசியக்காரியா? தட்டணு குறைந்தாலும் நீலம் வரும், வயதானாலும் வரும், மாத்திரை சாப்பிட்டாலும் வரும். ஜீனைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. எனக்கு இருக்கிறது என்பதால் உனக்கும் இருக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. பாதிக்குப் பாதி.

உனக்குப் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன். காலையில் தெருமுனையில் கூலி வேலைக்கு ஆட்கள் வந்து நிற்பார்கள் அல்லவா? யாருக்கும் இன்ன வேலை என்று இன்னும் ஒதுக்கவில்லை. எலும்பு மஜ்ஜைக்குள் ஸ்டெம் செல்கள் அப்படித்தான் நிற்கின்றன. அப்போது மேஸ்திரி வருகிறான். "நீ சிவப்பு, போ. நீ வெள்ளை. நீ தட்டணு, ரத்தம் உறைய வைக்கிற வேலை." இந்த மேஸ்திரிக்குப் பெயர் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர். படியெடுத்தல் காரணி என்று தமிழில் எழுதினால் இன்னும் பயந்துவிடுவாய், மேஸ்திரி என்றே வைத்துக்கொள். ஒரு புரதம்தான். செல்லுக்குள் இருக்கிற ஆயிரக்கணக்கான ஜீன்களில் எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறது. ஈரல் ஈரலாக இருப்பதும் தோல் தோலாக இருப்பதும் அங்கங்கே இருக்கிற மேஸ்திரிகளால்தான். ஜீன் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

ரன்க்ஸ்-ஒன் ரத்தத்துக்கான மேஸ்திரி. எனக்கு அவன் பாதிக் குரலில் பேசுகிறான். தட்டணு வேலைக்கு ஆள் போதவில்லை, அதனால் நீலம். அதைவிட மோசம், சில இளம் செல்களுக்கு எந்த வேலையும் ஒதுக்காமல் விட்டுவிடுகிறான். அவை வளராமல், ஒரு வேலையும் பழகாமல், பெருகிக்கொண்டே போகும். அதைத்தான் புற்று என்கிறோம். சில புற்றுகளில் மேஸ்திரி வாயே திறப்பதில்லை. சிலவற்றில் தொண்டை கிழியக் கத்துகிறான். இரண்டும் ஆபத்து.

எங்கள் ஆய்வகத்தில் செய்வதைக் கேட்டால் சிரிப்பாய். ஒருவருடைய தோலில் துளி எடுத்து, அதற்குள் நான்கு மேஸ்திரிகளை அனுப்புகிறோம். சில வாரத்தில் அந்தச் செல் தான் தோல் என்பதையே மறந்துவிடுகிறது. திரும்பவும் ஸ்டெம் செல்லாகி எந்த வேலைக்கும் தயாராகத் தெருமுனைக்கு வந்து நிற்கிறது. ஆனால் அந்த வித்தை இன்னும் என் உயிரைக் காப்பாற்றும் அளவுக்கு வளரவில்லை. அதற்கு ஒரு முழு மனுஷி வேண்டும்.

இங்கே என் அறையில் ஒரு ஜன்னல், எதிர்க் கட்டிடத்தின் ஏசி பெட்டிகள், ஒரு மின்சார அடுப்பு. பக்கத்து அறைக்காரனுக்கு என் முகம் தெரியாது. நான் சாகிற நாளில் என் செருப்பு வெளியே கிடப்பதைப் பார்த்துக்கூட யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். செருப்பை இங்கே உள்ளேதான் விடவேண்டும்.

குச்சியை அனுப்பு.

எலி


பிப்ரவரி 28

அன்புள்ள எலிக்கு,

செருப்புக் கதையெல்லாம் எழுதி அக்காவை அழவைக்காதே. கன்னத்தில் அறைவேன்.

உன் மேஸ்திரி பாடத்தை மூன்று தடவை படித்தேன். புரிந்தது. மேஸ்திரி சரியில்லை, சாகிறது மட்டும் கூலிக்காரனா? உடம்புக்குள்ளேயும் இதே அநியாயம்தானா? ரன்க்ஸ்-ஒன் என்று பேர் வேறு, பணக்கார வீட்டு நாய்க்கு வைக்கிற மாதிரி. தோல் தான் தோல் என்பதையே மறந்துவிடும் என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் முதலாளியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர், "அப்படியொரு ஊசி இருந்தா எனக்கும் ஒண்ணு வாங்கித் தரச் சொல்லும்மா, முகத்துச் சுருக்கம் போகும்" என்றார். எனக்கும் ஒன்று வேண்டும் என்று நானும் சொன்னேன். என் தோலும் பல விஷயங்களை மறக்கவேண்டியிருக்கிறது.

கடையின் பின்னறையில், கண் பரிசோதனை எழுத்துப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து கன்னத்தைத் தேய்த்தேன். இத்துடன் பெட்டியை அனுப்புகிறேன். காகிதத்தில் "முடிவை யாருக்கு அனுப்ப வேண்டும்" என்று கேட்டிருந்த இடத்தில் உன் விலாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீட்டு விலாசத்துக்கு எதுவும் வரக்கூடாது. தபால் எல்லாவற்றையும் உன் மாமாதான் பிரிப்பார். தப்பாக நினைக்காதே, அவர் சுபாவம் அப்படி.

அவரிடம் உன் நோயைச் சொன்னேன். "உங்க வம்சத்துக்கே ரத்தம் சரியில்ல, தெரிஞ்சிருந்தா கட்டியிருக்கவே மாட்டேன்" என்றார். பாதி வேடிக்கைதான். பாப்பா கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். ஒரு வாரமாக முழுக்கைச் சட்டைதான் போடுவேன் என்று அடம் பிடிக்கிறாள்.

அம்மா உனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருக்கிறாள். கழுத்து மட்டும் யானைக்குப் போடுகிற அளவில் வந்திருக்கிறது.

உன் அக்கா


மார்ச் 19

என் தங்க அக்காவுக்கு,

பொருந்தியது! பத்துக்குப் பத்து. டாக்டர் அறையை விட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரி காபி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். தரை துடைக்கிற அம்மா ஒருவர் வாளியை நகர்த்திவைத்துவிட்டு எனக்கு ஒரு காகிதக் கைக்குட்டை கொடுத்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. நீ கிடைத்ததற்கு இந்த ஊரில் முதல் சாட்சி அவர்தான்.

இன்னும் பெரிய செய்தி இருக்கிறது. உனக்கு அந்தக் கோளாறு இல்லை! இரண்டு பிரதியும் ஒழுங்காக இருக்கின்றன. உன் மேஸ்திரி முழுக் குரலில் பேசுகிறான். நீ கொடுத்தால் எனக்கு ஆரோக்கியமான ரத்தம் வரும், நோய் திரும்பி வர வாய்ப்புக் குறைவு. உன்னிடம் இல்லாததால் பாப்பாவுக்கும் உன் வழியாக வந்திருக்க வழியே இல்லை. அவளைச் சோதிக்கவே வேண்டாம். பயப்படாமல் தூங்கு.

உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்கிறார்கள். நாலைந்து நாள் ஊசி போடுவார்கள், பிறகு ஒரு மெஷினில் உட்காரவைத்து ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரிப்பார்கள். பை விமானத்தில் இங்கே வரும். நீ வரவேண்டியதில்லை.

யானைக் கழுத்து ஸ்வெட்டரை அனுப்பச் சொல். இரண்டு பேரும் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம், நானும் உன் ரத்தமும்.

சந்தோஷத்தில் குதிக்கிற,
எலி


மார்ச் 30

தம்பிக்கு,

அந்த முடிவு தப்பு.

குழாய் மாறியிருக்கும். கடையிலேயே ஒருத்தர் பவர் இன்னொருத்தர் கண்ணாடிக்குப் போய்விடுகிறது. அவ்வளவு பெரிய ஆய்வகத்தில் மாறாதா? இன்னொரு தடவை பார்க்கச் சொல். குச்சி வேண்டுமானால் திரும்பத் தேய்த்து அனுப்புகிறேன்.

எனக்கு அது இருக்கிறதடா. இல்லையென்றால் இத்தனை வருஷமும் என் உடம்பில் வந்ததெல்லாம் என்ன? அம்மா சொன்னது, அக்கம்பக்கத்தில் சொன்னது, நானே என் வாயால் சொன்னது எல்லாம் என்ன?

நான் கொடுக்கிறேன். அதில் சந்தேகம் வைக்காதே. அதையும் இதையும் முடிச்சுப் போடாதே. என்றைக்கு வரச் சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்காருவேன். ஆனால் வீட்டுக்கு எழுதும்போது மட்டும், அக்காவுக்கும் கொஞ்சம் இருக்கிறது, ஆபத்தில்லாத அளவுக்கு இருக்கிறது என்று ஒரு வரி எழுது. உன் மாமா படிக்கிற மாதிரி, அம்மா படிக்கிற மாதிரி எழுது. நீ படித்தவன், எழுதினால் நம்புவார்கள். இந்த ஒரு வரி உனக்கு என்ன கஷ்டம்?

பாப்பாவுக்கும் இருக்கிறது என்று சேர்த்து எழுது.

அக்கா


ஏப்ரல் 14

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததும் மாதிரியை மறுபடி ஓட்டச் சொன்னேன். குழாய் மாறவில்லை. உன் பெயர், உன் பிறந்த தேதி, உன் செல்.

நான் ஒரு மடையன். உனக்கு இல்லை என்று எழுதியபோது அதற்கு அர்த்தம் என்ன என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. என் உயிர் பிழைத்தது என்ற குதிப்பில் எழுதினேன். நீதான் முதலில் படித்தாய், எழுத்தை அல்ல, அர்த்தத்தை.

இப்போது நான் நேராகவே கேட்கிறேன். உன் தோல் நல்ல தோல். கதவு இடித்தால் சிவந்து மறுநாள் போய்விடுகிற தோல். அப்படியென்றால் போன தடவை நான் வந்தபோது உன் மேல்கையில் வரிசையாக நாலு நீலம் பார்த்தேனே, அது எப்படி வந்தது? அப்போது கடையில் விற்காத கலர் கண்ணாடியை வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொண்டு இருந்தாயே, அது எதற்கு? பாப்பா எதற்கு முழுக்கைச் சட்டை கேட்கிறாள்?

இந்த ஊர்களின் சாமர்த்தியத்தைப் பார். அப்பாவுக்கு நீலம் நோயால் வந்தது, குடி என்றார்கள். உனக்கு நீலம் ஒரு மனிதன் கையால் வந்தது, நோய் என்கிறார்கள். ஏழையை நம்பாமல் இருக்க ஒரு காரணம், ஆம்பளையைக் கேள்வி கேட்காமல் இருக்க ஒரு காரணம். இரண்டுக்கும் ஒரே தோலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். டாக்டர்கள், வாத்தியார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், நம் அம்மா.

நீ கேட்ட வரியை எழுத மாட்டேன். நானும் இந்தப் பொய்க்கு முத்திரை குத்தினால், நான் படித்த படிப்பு எதற்கு? உனக்கு இருக்கிறது என்று நான் எழுதிக்கொடுத்தால் அடுத்த அடிக்கும் அனுமதி எழுதிக்கொடுத்த மாதிரி.

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வா.

எலி


மே 6

தம்பிக்கு,

வா என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டாய். உன் அறையில் ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு என்று நீதான் எழுதினாய். அங்கே எந்த மூலையில் நான், எந்த மூலையில் பாப்பா, எந்த மூலையில் அம்மா? அம்மா யார் வீட்டில் இருக்கிறாள்? அவளுக்கு முட்டி வலி மருந்து யார் வாங்கித் தருகிறார்? அவள் "நம்ம வீட்டுத் தோலு" என்று ஏன் சொல்கிறாள் என்று நினைத்தாய்? குருடியா அவள்? அதைச் சொல்லாவிட்டால் அடுத்து என்ன சொல்ல வேண்டும், சொன்ன பிறகு எங்கே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. நீ தூரத்தில் இருக்கிறாய்.

நீயும்தான் பார்த்தாய். கலர் கண்ணாடியைப் பார்த்து, "என்னக்கா, சினிமாவுல சேர்ந்துட்டியா?" என்று கேட்டவன் நீ. நானும் சிரித்தேன். எல்லோரும் சிரித்தோம்.

ஊசி போட்டுக்கொண்டேன். எலும்பெல்லாம் வலித்தது, பொறுத்துக்கொள்ள முடிந்தது. நேற்று மெஷினில் உட்காரவைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போகிறது, சுற்றி வந்து இன்னொரு கைக்குத் திரும்புகிறது. அரை நாள் அசையக்கூடாது. கல்யாணமானதிலிருந்து அவ்வளவு நேரம் யாரும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தூங்கிவிட்டேன்.

ஊசி குத்தும்போது நர்ஸ் பெண் என் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். பார்த்தாள். "இது என்னக்கா?" என்றாள்.

"எங்க வீட்டுத் தோலு அப்படி, தொட்டாலே கன்னிடும்" என்றேன்.

அவள் என் காகிதங்களைப் புரட்டினாள். தட்டணு எண்ணிக்கை, ஜீன் முடிவு எல்லாம் அதில் இருந்தது. படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சட்டைக் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, "தண்ணி வேணுமாக்கா?" என்றாள். குடித்தேன்.

பை கிளம்பிவிட்டது என்று சொன்னார்கள். உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும். நன்றாக இரு. அது போதும் எனக்கு.

இதைப் பற்றி இனி எழுதாதே.

அக்கா


ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

தனி அறையில் இருக்கிறேன். என் மஜ்ஜையை முழுதாக மருந்து வைத்துக் கொன்றார்கள், பிறகு உன்னுடையதை ஏற்றினார்கள். தக்காளிச் சாறு நிறத்தில் ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். மேளமும் இல்லை, தாளமும் இல்லை. நர்ஸ் குழாயைத் திறந்துவிட்டு நேரம் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே வருகிறவர்கள் முகத்தை மூடி, கையுறை போட்டு வருகிறார்கள். மனிதத் தோல் என் மேல் பட்டுப் பல நாளாகிவிட்டது. வாய் முழுக்கப் புண். பேசவும் ஆளில்லை, பேசவும் முடியாது.

உன் செல்கள் வழி கேட்காமலேயே நேராக என் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. வேலை ஒதுக்கிக்கொண்டன. எண்ணிக்கை ஏறுகிறது. இப்போது என் ரத்தத்தைச் சோதித்தால் இது ஒரு பெண்ணின் ரத்தம் என்று வரும். டாக்டர் சொன்னதும் சிரித்தேன், புண் வலித்தது. இனி எனக்கு யாராவது பெண் பார்க்கக் கிளம்பினால், மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

எழுதாதே என்றாய். உன்னைப் பற்றி அல்லாமல் வேறு எதைப் பற்றி எழுதுவது? பதில் போடு. பாப்பா எப்படி இருக்கிறாள் என்று மட்டுமாவது எழுது.

எலி


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் தொலைந்ததோ என்று உன் கடைக்குப் போன் செய்தேன். முதலாளியம்மா எடுத்தார். "கையிலதான் குடுத்தேன்பா. படிச்சா. மடிச்சு வெச்சுக்கிட்டா. மெஷின்ல போய் உட்கார்ந்துட்டா" என்றார். உன்னைக் கூப்பிடச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "வேலையா இருக்கா" என்றார். பின்னால் லென்ஸ் தேய்க்கிற சத்தம் கேட்டது. நீதான் தேய்த்துக்கொண்டிருந்தாய்.

வீட்டு எண்ணுக்கும் பேசினேன். மாமா எடுத்தார். "உன் அக்கா குடுத்தது போதாதா, இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டார். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். அம்மா, "எல்லாரும் நல்லாருக்கோம், உடம்பைப் பார்த்துக்கோ" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு அறை எடுத்திருக்கிறேன், பழையதைவிடப் பெரியது. நடுவில் தடுப்பு வைத்தால் இரண்டாக்கலாம். விசா வேலையை ஆய்வகத்து மேலாளரிடம் கேட்டு ஆரம்பித்துவிட்டேன். அம்மாவுக்கும் சேர்த்துத்தான். நீ சொன்ன மூன்று மூலையும் இருக்கிறது.

எலி


அக்டோபர் 17

அக்காவுக்கு,

வேலைக்குத் திரும்பிவிட்டேன். அரை நாள்தான். முடி முளைத்துவிட்டது, முன்பைவிடச் சுருட்டையாக, உன்னுடையது மாதிரி. டாக்டர் அதற்கும் உன் செல்லுக்கும் சம்பந்தமில்லை, மருந்தின் வேலை என்கிறார். நான் நம்பவில்லை.

போன வாரம் உறைபனிப் பெட்டியின் இரும்புக் கதவு தானாகத் திரும்பி என் முன்கையில் நல்ல அடி. அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். அலறிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பழைய பழக்கத்தில் காத்திருந்தேன், இப்போது நீலம் ஏறும், கத்தரிப்பூ நிறமாகும், பச்சையாகும், மாதக்கணக்கில் கிடக்கும் என்று. சிவந்தது. கொஞ்சம் வீங்கியது. மறுநாள் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு மறுநாள் ஒன்றுமில்லை.

அந்தக் கைக்குள் ஓடுவது உன் ரத்தம், அக்கா. உன் தட்டணு. உன் மேஸ்திரி. இரும்புக் கதவு அடித்தும் கன்றாத ரத்தம். கட்டில் இடித்தது, கதவு இடித்தது என்று நீ எனக்கு எழுதியதெல்லாம் இனி என் உடம்பில் செல்லாது. யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல். என்னிடம் முடியாது. என்னைத் தொட்டுப் பார்த்தாலே நீ என்னவென்று எனக்குத் தெரிகிறது.

முதலாளியம்மாவிடம் சொல்லி இந்தக் கடிதத்தை உன் கையில்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தாளுக்கு அடியில் பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன், திருப்பி அனுப்ப உறையும் வைத்திருக்கிறேன். வேறு எதுவும் எழுத வேண்டாம். நலம் விசாரிக்க வேண்டாம், வெந்நீரில் குளிக்கச் சொல்ல வேண்டாம், வருகிறேன் வரவில்லை என்றுகூட எழுத வேண்டாம்.

உன்னையும் பாப்பாவையும் அடிப்பது யார் என்று உன் கையால் எழுது.

எலி